உப்புப் பார்க்க ஆளில்லாத திங்கட்கிழமை

சந்தைக்கு நாள் குறிக்க அழகரத்தினம் பட்ட பாடு மட்டக்களப்பில் பலருக்கும் தெரியும். வாவிக்கரைச் சிறுதொழில் ஒன்றியத்தின் செயலாளர் அவர். சொந்தமாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறார். ஒருவர் மனமும் கோணிவிடக் கூடாது என்பதில் அவருக்கு அப்படியொரு பயம். வெள்ளிக்கிழமை ஜும்மா, ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை, ஆகாது. சனிக்கிழமை சனம் எண்ணெய் வைத்து முழுகிவிட்டுப் படுத்துவிடும். செவ்வாயில் ஒன்றைத் தொடங்கினால் உருப்படாது. புதனும் வியாழனும் பாசிக்குடா ஹோட்டல்காரருக்கு வசதிப்படாது. காத்தான்குடிக்குப் போய்க் கேட்டார், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீடுகளுக்குப் போய்க் கேட்டார், கடைசியில் வைகாசித் திங்கட்கிழமை ஒன்றைப் பிடித்தார். தன் அச்சகத்திலேயே பதாகையும் அடித்துத் தொங்கவிட்டார்.

தமிழ் ஆட்களிடம் மட்டும் கேட்கவில்லை. தானே தமிழ் ஆள், தன்னிடம் தானே என்ன கேட்பது என்று இருந்துவிட்டார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான். கண்ணகி அம்மன் கோயில்கள் வருசத்துக்கு ஒருமுறை வைகாசியில்தான் கதவு திறக்கும். கடைசி நாள் அம்மனைக் குளிரப்பண்ணும் சடங்கு, குளிர்த்தி. அது எந்தத் தேதி என்று கலண்டரில் இராது. அந்தந்த ஊர்ச்சபை கூடித்தான் சொல்லும். பதாகை தொங்கி நாலாம் நாள் சபைகள் கூடின. பாதி ஊருக்கு அதே திங்கட்கிழமைதான் குளிர்த்தி.

மாங்கேணிப் பிரஷாந்தி இதைக் கேட்டதும் முதலில் சிரித்தாள். பிறகுதான் தன் தொழில் என்ன என்பது ஞாபகத்துக்கு வந்தது. அவள் விற்பது கருவாட்டுச் சம்பல். கோயில் கதவு திறந்தால் குளிர்த்தி முடியுமட்டும் அவள் வீட்டில் மச்சம் இல்லை. மீன் இல்லை, முட்டை இல்லை, கருவாடு நாக்கில் படக்கூடாது. புருஷன் நிலோஜன்கூட வலையைக் காயப்போட்டுவிட்டுக் கோயில் பந்தலில் கிடந்தான். இந்த லட்சணத்தில் கருவாட்டுச் சம்பல் சமைத்து ஹோட்டல்காரரை மயக்கவேண்டும்.

போகாமல் விடவும் முடியாது. பாசிக்குடாவில் ஒரு விடுதியில் அறை துப்புரவாக்கும் வேலை அவளுக்கு, ஆளனுப்பும் கொம்பனி ஒன்றின் கீழ். நாளைக்குப் பதினாலு அறை. கட்டில் விரிப்பும் குளோரினுமாகப் பகல் போய்விடும்; விடிய முன்னமும் லீவு நாளிலும்தான் சம்பல் வேலை. இப்போது கொம்பனி புது ஒப்பந்தம் ஒன்றை நீட்டுகிறது. இரண்டு வருசம், அந்த இரண்டு வருசமும் வேறு தொழில் எதுவும் செய்யக்கூடாது. புதன்கிழமை ஒப்பம் வைக்கவேண்டும். வைத்தால் போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். வைக்காமல் விட ஒரே வழி, சந்தைக்கு வரப்போகும் இன்னொரு ஹோட்டலின் ஓடர். காலைச் சாப்பாட்டு மேசைக்குக் கிழமைக்கு நாற்பது போத்தல், வருசம் முழுக்க. ஐந்து சாப்பாட்டுக் கடைகளில் ஒன்றுக்கு மட்டும்.

அதிலும் ஒரு நிபந்தனை. அங்கேயே, கண்முன்னே சமைத்துக் காட்டவேண்டும். போன வருசம் யாரோ ஒருவர் கடைப் போத்தலில் தன் பெயரை ஒட்டிக்கொண்டு வந்த கூத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது. பிரஷாந்தி அம்மனுக்குப் பூசை வைக்கும் கப்புகனாரிடம் போய்க் கேட்டாள். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கையால தொடு புள்ள, அது உன்ட தொழில். வாயில வைக்காத. வந்து முழுகிட்டுக் கோயிலுக்கு வா" என்றார். அவ்வளவில் முடிந்தது என்று நினைத்துத்தான் முதல் பஸ்ஸில் ஏறினாள்.

பிரஷாந்திக்கு ஒரு குணம் உண்டு. எதையும் அறியாமல் விடமாட்டாள். விடுதி அறைகளில் வெள்ளைக்காரர் விட்டுப்போகும் சோஸ் போத்தலைக்கூட மூடி திறந்து மணந்து பார்த்து, பின்னால் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவாள். எந்தக் கறியையும் ஒரு வாய் வைத்தால் அதில் என்னென்ன போட்டது, எதை எப்போது போட்டது என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட நாக்குக்குத்தான் அன்றைக்குப் பூட்டு.

வாவிக்கரையில் கூடாரங்கள் வரிசையாக நின்றன. அவளுக்கு இடப்பக்கம் காத்தான்குடி ஸுஹைனா, துணிப்பை தைத்து விற்பவள். வலப்பக்கம் டச்பார் எடித். ஐம்பதுக்குக் கிட்ட வயது, பறங்கியர். கூனி றால் போட்டு, ஊறுகாய் மாதிரி வினாகிரியில் கத்தரிக்காய் மோஜு செய்பவர். ஓடருக்கு வந்த ஐவரில் எடித்தும் ஒருவர். மூன்று சந்தைகளாகப் பக்கத்துப் பக்கத்துக் கடைதான். ஒருவரிடம் ஒருவர் கத்தி வாங்குவார்கள், துணி வாங்குவார்கள். புதன்கிழமை ஒப்பந்தத்தைப் பற்றி எடித்துக்கும் சொல்லியிருந்தாள். ஆனால் மோஜுவில் என்ன போடுகிறீர்கள் என்று இரண்டுமுறை கேட்டும் எடித் வாய் திறக்கவில்லை. அது பிரஷாந்திக்கு ஒரு சின்ன முள்ளாகவே கிடந்தது.

பத்து மணிக்கு ஹோட்டல் சமையல் தலைவர் கீத் ஒரு சுற்று வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லாக் கடையிலும் நின்று பெயர் கேட்டு எழுதினார். எடித்தின் கடையில் மட்டும் எழுதவில்லை. "அன்ரி" என்று கட்டிப்பிடித்தார். பிறகு இருவரும் தங்கள் பறங்கிப் பாஷையில் என்னவோ கதைத்தார்கள். எடித் எதையோ கைவிரலால் அழுத்திக் காட்ட, கீத் தலையாட்டினார். "பன்னெண்டுக்கு வாறன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

என்ன கதைத்திருப்பார்கள் என்று அறிய பிரஷாந்திக்கு நெஞ்சு அரித்தது. ஒரு சொல் விளங்கவில்லை. விளங்காத கதையைத் தனக்கு விளங்கிய மாதிரி நிரப்பிக்கொள்வதுதான் மனித புத்தி. அவளும் நிரப்பிக்கொண்டாள்.

பதினொன்றரைக்குச் சம்பல் தாச்சியில் இருந்தது. வெங்காயம் பொன்னிறம், கருவேப்பிலை மொறுமொறுப்பு, செத்தல் மிளகாய் இடித்தது, கடைசியில் தேசிக்காய்ப் புளி. மணத்தில் குறையில்லை. உப்புத்தான் தெரியவில்லை. மற்ற நாளென்றால் கருவாட்டு உப்பே போதும். ஆனால் போன சந்தையில் ஒரு வெள்ளைக்காரி ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு முக்கால் போத்தல் தண்ணீர் குடித்தாள். அந்தப் பயத்தில் இந்தமுறை கருவாட்டை இரண்டு தண்ணீரில் ஊறவைத்திருந்தாள். இரண்டு தண்ணீர் கண்ட கருவாட்டில் உப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கண்ணாலும் மூக்காலும் சொல்ல முடியாது.

"ஸுஹைனா, ஒருக்கா உப்புப் பாக்கிறியா?"

"நான் இண்டைக்கு நோம்புகா," என்றாள் ஸுஹைனா. "திங்களும் வியாழனும் பிடிக்கிற நான். உங்கட செயலாளர் எங்கட மூத்த காக்காக்கிட்ட வெள்ளிக்கிழமையப் பத்தித்தான் கேட்டவராம். திங்களப் பத்தி ஆரு கேட்டா?"

"நுனி நாக்கில வெச்சிட்டுத் துப்பலாமே."

"துப்பலாம் எண்டு சொல்லுவாங்கதான். எனக்கு மனம் வராது புள்ள."

பிரஷாந்தி வரிசை முழுக்கக் கண்ணால் தேடினாள். கிரான் அரிசிமாக் கடைக்காரி குளிர்த்தி விரதம். பாய் பின்னுகிற பெண்கள் இருவரும் விரதம். இவ்வளவு சாப்பாட்டுக்கு நடுவில் வாய் திறக்க ஒருத்தரும் இல்லை. அப்போதுதான் கடன் திட்டத் துண்டுப்பிரசுரங்களோடு ஒரு வங்கி உத்தியோகத்தர் வந்தார். பிடித்துக்கொண்டாள். ஒரு கரண்டி சாப்பிட்டார். "சூப்பர் அக்கா, எல்லாம் அளவா இருக்கு" என்றார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள் அவள். ஒன்றும் பிடிபடவில்லை. நம்மூரில் சும்மா கிடைத்ததைத் தின்றவன் குறை சொன்ன சரித்திரம் இல்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் காதுக்கு அது இனிமையாகத்தான் இருந்தது.

எடித் தன் அடுப்பைக் குறைத்துவிட்டுத் தானாகவே வந்தார். "குடு, நான் பாக்கிறன். எனக்கு இண்டைக்கு விரதமும் இல்ல, நோம்பும் இல்ல."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. பிரஷாந்தி ஒரு சிறு கரண்டியில் எடுத்துக் கொடுத்தாள். எடித் மெல்லச் சவைத்தார். வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு சவைத்தார். விழுங்கிவிட்டு, நாக்கால் உதட்டைத் தடவினார்.

"உப்புக் காணாது. ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் குறையப் போடு."

சொல்லிவிட்டுத் தன் அடுப்புக்குப் போய்விட்டார்.

பிரஷாந்தி உப்பு டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். ஒரு கைப்பிடியா? கருவாட்டுக்கு? வெள்ளைக்காரி தண்ணீர் குடித்த முகம் கண்ணுக்குள் வந்தது. கட்டிப்பிடித்த கீத் வந்தார். விளங்காத அந்தப் பாஷை வந்தது. தன் தாச்சிக்குப் பக்கத்தில் நின்று ஓடருக்குப் போட்டி போடுகிற ஒருவர், தன் சம்பல் நன்றாக வர எதற்கு வழி சொல்லவேண்டும்? உப்பைக் கூட்டிவிட்டால் திரும்ப எடுக்க முடியுமா? அவள் எடித்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். எடித் குனிந்து கத்தரிக்காயைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிரஷாந்தி மூடியைப் போட்டு டப்பாவைப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

பன்னிரண்டுக்குக் கீத் வந்து சம்பலை வாயில் வைத்தார். பிரஷாந்தி அவர் புருவத்தைப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது. இரண்டாம் கரண்டி எடுத்தார். பிறகு சற்று யோசித்து மூன்றாவதும் எடுத்தார். மூன்று கரண்டி! பிடிக்காததை ஒரு மனிதன் மூன்றுமுறை தின்பானா? கீத் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். அந்த நிமிசத்தில் பிரஷாந்தி மனதுக்குள் கொம்பனிக் கடதாசியை எட்டாகக் கிழித்துப் போட்டாள்.

ஒரு மணிக்கு அழகரத்தினம் ஒலிவாங்கியில் வாசித்தார். முதலாவது எடித், மோஜு. இரண்டாவது பிரஷாந்தி, கருவாட்டுச் சம்பல். முதலாமவர் ஏதும் காரணத்தால் விட்டால் ஓடர் இரண்டாமவருக்கு. காரணம் கேட்க அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கீத்தின் வாகனம் பாலத்தில் ஏறிவிட்டது. எடித் வந்து அவள் தோளைத் தொட்டார். பிரஷாந்தி தோளை விலக்கிக்கொண்டு போத்தல்களை அடுக்கினாள்.

மாங்கேணி பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து யோசிக்க யோசிக்க அவளுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது. அதாவது, விளங்கியதாகப் பட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்குக் கையில் போனும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒன்றியத்தின் வட்ஸ்அப் குழுவில் நாற்பத்தொரு பேர். குரல் பதிவை அழுத்திப் பிடித்தாள்.

"நான் ஆரையும் குறை சொல்லல்ல. ஒரே மாதா கோயிலுக்குப் போறவங்க ஒருத்தருக்கொருத்தர் மார்க் போடுறதெண்டா, மத்தவங்க எதுக்கு விடியச் சாமம் பஸ் ஏறி வரணும்? என்ட சம்பல்ல உப்புக் காணாதெண்டு ஒரு ஆள் சொன்னா. ஏன் சொன்னா எண்டு இப்பத்தான் விளங்குது. போட்டிருந்தா அதுவும் பழுதாப் போயிருக்கும். அவ்வளவுதான் கதை."

சில நிமிசத்தில் ஸுஹைனா தனியாக எழுதினாள்: "அழிச்சிரு புள்ள." பிரஷாந்தி அழிக்கவில்லை. குழுவில் ஒருவரும் பதில் போடவில்லை. எல்லோரும் கேட்டதற்கான நீல அடையாளம் மட்டும் விழுந்தது. அதை அவள் தன் பக்கம் நியாயம் இருப்பதாகவே எடுத்துக்கொண்டாள்.

முழுகினாள், கோயிலுக்குப் போனாள், குளிர்த்தி பாடக் கேட்டாள், மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டாள். அம்மனிடம்கூட நியாயம்தான் கேட்டாள். செவ்வாய் விடிந்ததோடு விரதம் முடிந்தது.

விடிந்ததும் வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அவள் செய்தது, சந்தையிலிருந்து கொண்டுவந்த சம்பலில் ஒரு போத்தலைத் திறந்ததுதான். பசியில் அல்ல. மூன்று கரண்டி தின்றவர் இரண்டாம் இடம் தந்த அந்தச் சம்பல் எப்படித்தான் இருந்தது என்று அறியாமல் அவளால் இருக்க முடியவில்லை. விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தாள்.

முதலில் உறைப்பு வந்தது. பிறகு பொரிந்த வெங்காயத்தின் இனிப்பு, தேசிக்காய். எல்லாம் வந்து வரிசையில் நின்று யாரையோ காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. காத்திருந்த ஆள் வரவில்லை. இன்னொரு விரல் எடுத்தாள். பிட்டோடு சேர்த்துப் பார்த்தாள். கீத் மூன்று கரண்டி எடுத்தது ஏன் என்று இப்போது தெரிந்தது. அவரும் தேடித்தான் பார்த்திருக்கிறார். ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் குறைய. அச்சொட்டாக அந்தளவுதான்.

அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை. பாயைச் சுருட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளலாம் போல வந்த வெட்கம்.

அந்த நேரம் பார்த்துத்தான் அழகரத்தினத்தின் போன் வந்தது. "பிரஷாந்தி, ஓடர் உனக்குத்தான் புள்ள."

"என்ன அண்ணன் சொல்லுறீங்க?"

"எடித் விட்டிட்டா. உன்ட வொய்ஸக் கேட்டிட்டு நேத்துப் பின்னேரமே கீத்துக்குச் சொல்லிப்போட்டா. நான் எவ்வளவோ கெஞ்சின நான். 'இந்த ஊரில பறங்கி ஆக்கள் எத்தின வீடு இருக்கிறம்? நாப்பது போத்தலுக்காக அந்தப் பேர் எங்களுக்கு வேணாம்' எண்டிட்டா. இப்ப அடுத்தது நீ. பத்து மணிக்கு முதல் ஓம் எண்டு சொன்னாச் சரி. முதல் நாப்பது வியாழக்கிழமை போகணும்."

போனை வைத்துவிட்டு நிலோஜனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டே கேட்டான். பொல்லாதவன் இல்லை அவன், கணக்குப் பார்க்கிற ஆள்.

"வந்தத ஏன் விடுறாய்? நீ களவா எடுத்தாய்? அவ தானா விட்டது. வியாழக்கிழமை உப்பச் சரியாப் போட்டனுப்பு. நாளைக்குக் கொம்பனிக்காரன்ட கடதாசியத் திருப்பிக் குடு. முடிஞ்சுது."

சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் பிரஷாந்திக்குப் பெரிய கரைச்சலாக இருந்தது. ஓம் என்ற ஒரு சொல். இனிமேல் பதினாலு அறை இல்லை, பிறத்தியார் கட்டில் இல்லை, விரல் முழுக்கக் குளோரின் இல்லை. எடித் சொன்ன உப்புத்தான் சரி என்பது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் தன் புருஷன். எடித் அதை வெளியே சொல்லமாட்டார் என்பதும் இப்போது நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததுதான் குத்தியது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. அள்ள முடியாது என்றாலும், கொட்டினவள் குனிந்தாவது பார்க்கவேண்டாமா?

மணி ஒன்பதேகால். போனை எடுத்தாள். குரல் ஒருமுறை உடைந்தது. அழித்துவிட்டு மறுபடி பதிந்தாள்.

"நான் பிரஷாந்தி. நேத்து எனக்கு விரதம், என்ட சம்பல நான் வாயில வெச்சுப் பாக்கல்ல. இண்டைக்குப் பாத்தன். உப்புக் காணாது. எடித் அக்கா சரியாத்தான் சொன்னா. கேக்காம விட்டது நான். கோயிலப் பத்தி நான் கதைச்சது பொய், கேவலமான கதை. அந்த ஓடர் அவடதான். அழகரத்தினம் அண்ணன், எனக்கு வேணாம் எண்டு கீத் தம்பிக்குச் சொல்லிருங்க."

அனுப்பிவிட்டு முற்றத்தில் போய் நின்றாள். நிலோஜன் வலையை மடித்துக்கொண்டே, "டவுனுக்குப் போறதெண்டா பத்தரை பஸ் இருக்கு" என்றான்.

டச்பாரில் எடித்தின் வீட்டைத் தேடிக்கொண்டு போகத் தேவை இருக்கவில்லை. சந்தியிலேயே வினாகிரியின் புளிப்பு மணம் வந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே பெரிய தாச்சியில் மோஜு கொதித்துக்கொண்டிருந்தது. அழகரத்தினம் அதற்குள் போன் மேல் போன் போட்டு ஓடரை எடித்தின் தலையிலேயே திரும்பக் கட்டிவிட்டார். கழுவிய போத்தல்கள் நாற்பதும் மேசையில் கவிழ்ந்து கிடந்தன.

"உப்புக் காணாது அக்கா," என்றாள் பிரஷாந்தி. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அதத்தானே நானும் சொன்னன்."

"நம்பல்ல."

"தெரியும். டப்பாவத் திறந்து பாத்திட்டு நீ மூடினதக் கண்ட நான்."

"கண்டிட்டு ஏன் இன்னொருக்காச் சொல்லல்ல?"

எடித் கரண்டியைத் தாச்சி விளிம்பில் தட்டினார். "ஒருக்காச் சொன்னா அது உதவி. ரெண்டாந்தரம் சொன்னா, இவளுக்கு என்ன இவ்வளவு அக்கறை எண்டு யோசிப்பாய். யோசிச்சிருப்பாயா, இல்லையா?"

"யோசிச்சிருப்பன்."

"அந்த வொய்ஸ மூணு தரம் கேட்ட நான், பிரஷாந்தி. உப்புக் கதைக்கு எனக்குக் கோவம் வரல்ல. கோயில் எண்டு சொன்ன இடந்தான் நொந்தது."

பிரஷாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்க பஸ்ஸில் கோத்துக்கொண்டு வந்த சொற்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்தது வேறொன்று, பிறவிக்குணத்தை என்ன செய்வது. "நேத்துக் கீத் தம்பியோட உங்கட பாஷையில என்னக்கா கதைச்சீங்க?"

எடித் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அவன்ட தாய்க்கு முழங்கால் வருத்தம். நொச்சி இலைய எப்பிடி வெச்சுக் கட்டுற எண்டு காட்டின நான். அதுக்கா இவ்வளவு பாடு?"

பிரஷாந்திக்குச் சிரிப்பு வரவில்லை. கைவிரலால் அழுத்திக் காட்டியது ஞாபகம் வந்தது.

"நாளைக்கு ஒப்பம் வைக்கிறியா?"

"வைக்கத்தான் வேணும்."

"ரெண்டு வருசம்."

"ஓம், ரெண்டு வருசம்."

எடித் ஒரு சிறு கரண்டியைக் கழுவி, தாச்சியிலிருந்து கொஞ்சம் அள்ளி, ஊதி, அவளிடம் நீட்டினார். "நேத்து உன்ட வாய்க்குப் பூட்டு. இண்டைக்கு இல்லையே. பாத்துச் சொல்லு. நல்லா இருக்கு எண்டு சொல்லுறதெண்டா மட்டும் கரண்டிய வெச்சிட்டுப் போ."

பிரஷாந்தி வாயில் வைத்தாள். மூன்று சந்தையாக அறியத் தவித்த பண்டம். கடுகு, இஞ்சி, கூனி, பொரித்த கத்தரிக்காய், ஒரு துளி மஞ்சள், கறுவாப்பட்டை. ஓ, கறுவாப்பட்டையா என்று நினைத்தாள். அதற்குப் பிறகு ஒரு கூர்மை வந்து நாக்கின் ஓரத்தைப் பிடித்தது. சொல்வதா? நேற்று நாற்பத்தொரு பேருக்கு முன்னால் இந்த மனுசியின் பெயரைக் கெடுத்தவள், இன்று அவர் அடுப்படியில் நின்று குறை சொல்வதா? அதுவும் தன் கையை விட்டுப்போன அதே ஓடரின் தாச்சியில்?

"வினாகிரி கூடிப்போச்சு அக்கா. சீனி காணாது. ரெண்டு கை போடணும்."

எடித் எட்டிச் சீனி டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து ஒரு கை அள்ளித் தாச்சியில் போட்டார். இரண்டாவது கையையும் அள்ளினார்.

பிரஷாந்தி பதறிப்போனாள். "பொறுங்க அக்கா, போட முதல் நீங்களும் ஒருக்கா வாயில வெச்சுப் பாருங்க. நாப்பது போத்தல் எல்லுவா."

"ஏன்? நீ பாத்திட்டாய்தானே," என்றார் எடித். சொல்லிக்கொண்டே இரண்டாவது கையையும் போட்டார்.

பிரஷாந்திக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அடுப்படிச் சுவரில் சாய்ந்து, முகத்தை மூடாமல், வாய்விட்டு அழுதாள். ஓடர் போனதற்கு அழவில்லை, நாளைய ஒப்பத்துக்கும் அழவில்லை. எடித் அவளை அழவிட்டார். பிறகு பெரிய கரண்டியை அவள் கையில் கொடுத்து, "கிண்டு, அடிப்பிடிக்கும்" என்றார். பிரஷாந்தி அதை வாங்கி அடிவரை விட்டுக் கிண்டினாள்.